இரண்டு ‘கோ’

ஜூன் 3, செவ்வாய்

இந்தத் திறந்தமூலத் தேடல் நிரலில் ‘தேவகோட்டை’ என்று தேடினால், அந்தப் பெயர் உள்ள பதினொரு பதிவில் நாலுதான் வருகிறது. காரைக்குடி, புதுவயல், பள்ளத்தூர் எல்லாம் குறையில்லாமல் வருகின்றன. கோட்டையூர், கோவிலூர், கொப்புடையம்மன் உதைக்கின்றன. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தில்தான் ஏதோ.

ஜூன் 4

ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு கொடுத்திருக்கிற எண்ணை, அதாவது குறியெண்ணை, அச்சடித்துப் பார்த்தாயிற்று. வருகிற நாலில் ‘கோ’வுக்கு இரண்டு எண்: 2965, 3019. வராத ஏழில் மூன்று: 2965, 3015, 3006. அதாவது க, கொம்பு, கால் தனித்தனியாக. அந்த ஏழும் பழைய எழுத்துருவில் தட்டி, பிறகு யூனிகோடுக்கு மாற்றியவை. பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரிகிற வரிசைதான்: கொம்பு முன்னால், பிறகு க, பிறகு கால். மாற்றி எழுதிய நிரல் கொம்பைத் தூக்கி ‘க’வுக்குப் பின்னால் வைத்ததோடு சரி, காலோடு சேர்க்கவில்லை. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம்தான். தேடல் விதியைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறது.

மருந்து பைத்தான் நிரல்மொழியோடே வருகிறது: யூனிகோடுடேட்டா என்ற தொகுப்பில் என்.எஃப்.சி., பிரிந்து கிடப்பதைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் இயல்பாக்கம். இரண்டே வரி, ஆனால் இரண்டு இடத்தில். பதியும்போது மட்டும் போட்டால், பிரித்துத் தட்டித் தேடுகிறவருக்கு ஒன்றுமே வராது. தேடும்போது மட்டும் போட்டால் அந்த ஏழும் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

வெளியீட்டுக்கான ஃப்ரீஸ் 20-ஆம் தேதி, அதற்குப் பிறகு புது மாற்றம் எடுக்க மாட்டார்கள்.

ஜூன் 6

என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் போட்டாயிற்று. இரண்டு வரி மாற்றம், பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் காட்டும் டிஃப்பில் 412 வரி! எடிட்டர் சேமிக்கும்போது வரிக்கடைசி வெற்றிடங்களைத் துடைத்துவிட்டது. இதை எந்த ரிவ்யூவரும் திறந்து பார்க்க மாட்டார், பார்க்கவும் வேண்டியதில்லை. கோப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், துடைக்கும் வசதியை அணைத்து, வேண்டிய வரிகளை மட்டும் ‘கிட் ஆட்’ மைனஸ் பி-யில் துண்டு துண்டாகப் பொறுக்கி, திரும்பக் கமிட், அதாவது மாற்றத்தைப் பதிவு செய்வது. மைனஸ் எஸ் மறக்கக் கூடாது. கையொப்ப வரி இல்லாத கமிட்டை இங்கே இயந்திரமே திருப்பி அனுப்பும்.

ஜூன் 7

பதில் இல்லை. தானியங்கிச் சோதனைகூட ஓடவில்லை. முதல்முறை பங்களிப்பவர் என்றால் ஓடுவதற்கே பராமரிப்பாளர் ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும்.

ஜூன் 9

மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை.

ஜூன் 10

ஸ்ரீ! அதுவும் இரண்டு வகை. ஸ-வில் தொடங்கினால் 3000, ஶ-வில் தொடங்கினால் 2998. 2005-இல் யூனிகோடு 4.1 ஶ-வைச் சேர்த்ததிலிருந்து இரண்டும் புழக்கத்தில். பல எழுத்துருக்களில் ஒரே உருவம். என்.எஃப்.சி. இதைத் தொடாது, ஏனென்றால் விதிப்படி இவை சமமில்லை. இதையும் இதே ரிக்வெஸ்டில் நுழைத்துவிடலாமா? கூடாது. ஒன்றில் தகராறு வந்தால் இரண்டும் நிற்கும்.

பதில் இல்லை.

ஜூன் 12

பதில் வந்தது. “டெஸ்டில் (சோதனை நிரலில்) இரண்டு பக்கமும் ஒரே சொல்தானே இருக்கிறது, எதைச் சோதிக்கிறீர்கள்?”

கேட்டது நியாயம். சேர்ந்த ‘கோ’வையும் பிரிந்த ‘கோ’வையும் அப்படியே தட்டி வைத்திருந்தால், தமிழ் தெரிந்தவருக்கே வித்தியாசம் தெரியாது. நாளைக்கு யாராவது வெட்டி ஒட்டும்போது ஒன்று இன்னொன்றாகிவிட்டால், எதையுமே சோதிக்காத டெஸ்ட் காலத்துக்கும் பச்சை காட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் எழுத்தாக இல்லாமல் குறியெண்ணாக, எஸ்கேப் வடிவில் எழுதிவிட்டேன். பக்கத்தில் ஒரு வரிக் குறிப்பு. கூடவே மூன்றாவது டெஸ்ட்: கால் முன்னாலும் கொம்பு பின்னாலும் தட்டியது. அது சேராது, சேரவும் கூடாது என்பதற்கு. ‘கௌரி’யை கொம்பும் ‘ள’வும் போட்டு ‘கெளரி’ என்று தட்டியதும் அப்படித்தான். அது எழுத்துப்பிழை, இயல்பாக்கத்தின் வேலை இல்லை.

இரண்டாவது கேள்வி: ஏற்கெனவே நிறுவியவர்கள் என்ன செய்வது? மறுபடி அட்டவணைப்படுத்த வேண்டும். வெளியீட்டுக் குறிப்பில் அதற்கு மூன்று வரி. இதை நானே முதலில் எழுதியிருந்தால் ஒரு சுற்று மிச்சம்.

ஜூன் 14

மூலக்கிளையில் மற்றவர்களின் மாற்றங்கள் சேர்ந்து அது நகர்ந்துவிட்டது, என் மாற்றத்தை அதன் புதிய நிலைமேல் எடுத்து வைக்க, அதாவது ரீபேஸ் செய்யச் சொன்னார்கள். வீட்டுக்குள் சுவர் கனத்துக்கு சிக்னல் வராது, வளவுக்கு (நடுமுற்றத்துக்கு) வந்து உட்கார்ந்தாலும் இரண்டு கோடுதான். அதனால் ஆழம் 1 என்று, கடைசிக் கமிட்டை மட்டும் நகலெடுத்திருந்தேன். அதில் இரண்டு கிளையும் பிரிந்த இடமான பொது மூதாதைக் கமிட்டே இல்லை. ரீபேஸ் சம்பந்தமில்லாத கோப்புகளில் எல்லாம் மோதல் காட்டியது. அபார்ட் கொடுத்து ரீபேஸை நிறுத்தி, அன்ஷாலோ கொடுத்து, மீதி வரலாறு இறங்கி முடிய மதியமாகிவிட்டது. பிறகு ரீபேஸ் ஒரே மூச்சில் போனது. தள்ளும்போது வெறும் ஃபோர்ஸ் இல்லை, ஃபோர்ஸ்-வித்-லீஸ்: இடையில் வேறு யாராவது தள்ளியிருந்தால் அதை அழிக்காமல் நின்றுவிடும்.

ஜூன் 16

தானியங்கிச் சோதனை பச்சை.

ஜூன் 17

பச்சையாகவே இருக்கிறது. நினைவூட்டலாமா? கடைசிப் பதில் வந்து மூன்று நாள்தான். அவர்களும் வேலை முடித்துவிட்டு ராத்திரியில்தான் இதைத் திறக்கிறார்கள். வெறுமனே “பார்த்தீர்களா” என்று கேட்பதற்குப் பதில், மாறியது என்ன என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். திறந்ததும் பழைய உரையாடலைத் தேட வேண்டாம்.

ஜூன் 19

ஒப்புதல் ஒன்று. இரண்டு வேண்டும்.

ஸ்ரீக்குத் தனி பிராஞ்ச் (கிளை) தொடங்கியாயிற்று.