பல்லைச் சுற்றிய காவல்

கடந்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவர், என் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய அளவுகோலைச் செருகி, "இரண்டு, மூன்று, இரண்டு" என்று சொல்லிக்கொண்டே போனார். அவை மில்லிமீட்டர் கணக்கு என்பது பிறகுதான் புரிந்தது.

ஈறின் விளிம்பு பல்லோடு ஒட்டியிருப்பதில்லை. சட்டைக் கழுத்துப்பட்டையைப் போல அதைச் சுற்றி நிற்க, இடையில் சிறு பள்ளம் இருக்கிறது. 3 மில்லிமீட்டர் வரை ஆழம் இருப்பது இயல்பு. உடலின் உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும் கடின உறுப்பு பல் ஒன்றே என்பதால், அந்த இடைவெளியை அடைப்பது எளிய வேலையன்று. பள்ளத்தின் அடியில் உள்ள மெல்லிய செல் அடுக்கு எனாமலோடு நேரடியாக ஒட்டிக்கொண்டு, வாயிலுள்ள நுண்ணுயிரிகள் வேரையும் தாடை எலும்பையும் நோக்கி இறங்காதவாறு தடுக்கிறது. சில நாள்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் செய்கிறது. பள்ளத்தில் கசியும் திரவம் வெள்ளணுக்களைக் கொண்டுவருகிறது. அதற்குக் கீழே கொலாஜன் நார்கள் ஈறைப் பல்லோடு இறுகப் பிடித்திருக்கின்றன.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்ற நம் முன்னோர், ஈறைப் பற்றி அதிகம் பேசவில்லையோ என்று தோன்றியது. நம்மில் பலருக்கு ஈறு பழுப்பாக இருப்பது மெலனின் நிறமியால்தான், அது நோயன்று. பல் துலக்கும்போது இரத்தம் கசிவதுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி.

என் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் மருத்துவர் சொன்ன எண் ஐந்து.