கையுறை இல்லாமல் பூனையைத் தொடாதே

ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் போகும் வழியில், நியூட்டன்மோர் என்ற ஊரில் இறங்கியது ஒரு டீ குடிக்கத்தான். கண்ணில் பட்டதோ மக்ஃபர்சன் குலத்தாரின் அருங்காட்சியகம், சரி, பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று நுழைந்துவிட்டேன்.

உள்ளே ஓர் உடைந்த வயலின். 1700இல் பான்ஃப் ஊரில் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் மக்ஃபர்சன் என்ற கொள்ளைக்காரனுடையதாம். தூக்குமேடையில் வாசித்து முடித்து, யாருக்கு வேண்டும் என்று நீட்டினானாம், ஒருவரும் வாங்காததால் உடைத்துப் போட்டானாம். எவ்வளவு உண்மையோ, எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

குலச் சின்னத்தில் காட்டுப்பூனை, கையுறை இல்லாமல் தொடாதே என்று எச்சரிக்கை வேறு!

ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வார இறுதியில், கடல் கடந்துபோன மக்ஃபர்சன்களும் இங்கே வந்து கூடுகிறார்கள். சனிக்கிழமை ஊரில் ஹைலேண்ட் எனும் மலைநாட்டு விளையாட்டுப் போட்டி நடக்கும்போது, குலத்துக்குரிய கட்டம்போட்ட கில்ட் பாவாடை உடுத்தி, பேக்பைப் என்ற ஊதுகருவி முழங்க மைதானத்துக்குள் அணிவகுத்து வருவார்கள். முன்பின் பார்த்திராதவர்களும் அன்றைக்கு ஒரே சொந்தக்காரர்கள். அப்புறம் எல்லோரும் கூடி ஆடும் கெய்லி ஆட்டம்.

நான் போனது மே மாதம், எல்லாம் கேள்விப்பட்டதோடு சரி. பஸ்ஸையும் விட்டாச்சு, டீயும் குடிக்கவில்லை.