உணவுக்கூடத்தில் இரண்டரை மணி நேரம்

நியூஜெர்சியில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியின் உணவுக்கூடத்தில் மூன்று ஆண்டுகள் 'லஞ்ச் எய்ட்' ஆக வேலை பார்த்தேன். தமிழில் சொன்னால் மதிய உணவு உதவியாளர். உள்ளபடி சொன்னால் பால் பெட்டி திறப்பவள். காலை பதினொரு மணி முதல் பிற்பகல் ஒன்றரை மணி வரை வேலை. வேதியியலில் முதுகலை படித்தவள் இதற்குப் போவதா என்று ஊரிலிருந்து அத்தை தொலைபேசியில் வருத்தப்பட்டார். பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் நிற்பதற்கே கைரேகை கொடுத்து, குற்றப் பின்னணி எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே விடுகிறார்கள் என்று நான் சொன்னதும், "அப்படின்னா பெரிய உத்தியோகந்தான்" என்று சமாதானமானார்.

அந்தப் பால் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் அட்டைப் பெட்டி. அதன் கூரையின் இரு பக்கங்களையும் பின்னுக்குத் தள்ளி, முன்னால் கிள்ளி இழுத்தால் வாய் திறக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையின் விரலுக்கு அது திறக்காது. அட்டை கிழிந்து நைந்து போகும். முதல் வாரத்தில், யாருடைய முகம் சுருங்கினாலும் ஓடிப்போய்த் திறந்து கொடுத்தேன். அங்கே நெடுங்காலமாக வேலை பார்த்த மூத்த பெண்மணி என்னை நிறுத்தினார். "அவன் கை தூக்கட்டும், கேட்கட்டும், அதுவரை அவனே முயலட்டும்" என்றார். கேட்பதற்கு முன்பே இலையில் சோறு விழும் வீட்டில் வளர்ந்த எனக்கு, ஒரு குழந்தை பசியோடு பெட்டியை உருட்டிக்கொண்டிருப்பதைக் கைகட்டிப் பார்ப்பதுதான் அந்த வேலையில் மிகக் கடினமான பகுதியாக இருந்தது.

அமெரிக்கப் பள்ளி உணவுக்கென 1946-இல் அதிபர் ட்ரூமன் காலத்தில் தேசியச் சட்டம் வந்தது. பிள்ளைகளின் நலத்தோடு, விவசாயிகளிடம் மிஞ்சும் விளைபொருளுக்கு வழி காண்பதும் அதன் நோக்கம். இன்றைய விதிப்படி, தட்டில் வைக்கப்படும் புரதம், தானியம், பழம், காய், பால் ஆகிய ஐந்தில் மூன்றையாவது பிள்ளை எடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று அரைக் கோப்பை பழமாகவோ காயாகவோ இருந்தால்தான் அந்த உணவுக்கு அரசுப் பணம் வரும். ஆகவே பிள்ளைகள் ஆப்பிளை எடுத்தார்கள். கல்லாவைக் கடக்கும்வரை பத்திரமாக ஏந்திச் சென்று, சாப்பிட்டு முடித்ததும் முழுதாகக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். எடுப்பது சட்டம், தின்பது அவரவர் விருப்பம். காய்கறி என்பதன் இலக்கணமே அந்த நாட்டு அரசியலில் படாத பாடு பட்டது. 1981-இல் அதிபர் ரீகன் ஆட்சியில், தக்காளி கெட்சப்பையும் காய்கறிக் கணக்கில் சேர்க்க இடம் கொடுக்கும் வரைவு விதி ஒன்று வந்தது. ஊர் சிரித்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பீட்சாவில் தடவும் கொஞ்சத் தக்காளி விழுதைக் கூடுதல் காய்கறியாக எண்ணிவந்த சலுகைக் கணக்கை மாற்ற வேளாண் துறை முனைந்தபோது, 2011-இல் நாடாளுமன்றமே குறுக்கே நின்று தடுத்தது. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கிய சத்துணவில், தட்டில் விழுந்ததை மிச்சமின்றித் தின்று வளர்ந்தவள் நான்; ஆப்பிள் தொட்டியில் விழும் ஓசை எனக்குக் கடைசி நாள்வரை பழகவில்லை.

ஆனால் ஒன்றை மெச்சாமல் இருக்க முடியாது. பணம் கட்டிச் சாப்பிடும் பிள்ளையும், இலவசமாகச் சாப்பிடும் பிள்ளையும், சலுகை விலைக்காரப் பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று, ஒரே விசைப்பலகையில் தங்கள் எண்ணைத் தட்டிவிட்டுப் போவார்கள். எவர் எந்த வகை என்பது பக்கத்தில் நிற்கும் எனக்குக்கூடத் தெரியாது. தெரியக்கூடாது என்பதே விதி. இதே நாட்டில்தான், சில ஊர்களில், பாக்கி வைத்த பிள்ளைக்குச் சுடுசோற்றுக்குப் பதில் ஆறிப்போன சீஸ் ரொட்டியைக் கொடுத்து, வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் விஷயத்தை அறிவித்துவிடும் வழக்கமும் இருந்தது.

நான் மாட்டிக்கொண்டது பாதி பிஸ்கட்டில். ஒரு சிறுவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் தரையில் கவிழ்த்துவிட்டு அழுதான். மாற்று உணவு வர ஐந்து நிமிடமாகும். அருகில் இருந்த சிறுமி தன் பிஸ்கட்டை நீட்டினாள். நான் அதை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி கொடுத்தேன். நாங்கள் சிறு வயதில் கடலை மிட்டாயைப் பாவாடை நுனியில் சுற்றிக் 'காக்காய்க் கடி' கடித்துப் பங்கு போட்டவர்கள்; எச்சில் படாது என்பது எங்கள் சுகாதார விதி. இங்கோ கடலை என்ற சொல்லே அபாயம். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகளுக்குத் தனி மேசை உண்டு; எவரும் எவருக்கும் எதையும் ஊட்டவோ கொடுக்கவோ கூடாது. வகுப்பறைச் சுவரில் 'பகிர்ந்து வாழ்வோம்' என்று வண்ண எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அது கிரேயானுக்கு மட்டும். மேற்பார்வையாளர் அம்மையார் என்னைத் தனியே அழைத்து, பிள்ளைகள்மீது எனக்கிருக்கும் அன்பைத் தாம் எவ்வளவு மதிக்கிறார் என்று ஆரம்பித்தார். என் பொறுமை, என் புன்னகை, என் நேரந்தவறாமை என்று பாராட்டு நீண்டுகொண்டே போனது. ஊதிய உயர்வு தரப்போகிறார் என்றே நினைத்தேன். "ஆனால்" என்ற சொல் வந்த பிறகுதான் அது கண்டிப்பு என்று புரிந்தது. எங்கள் தலைமையாசிரியராக இருந்தால் அரை நிமிடத்தில் திட்டி முடித்திருப்பார். அம்மையார் சொன்னதில் தவறில்லை என்பது உண்மை. அந்தச் சிறுவனுக்கு ஒவ்வாமை இருந்திருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த கல்வியாண்டில் மூலையில் ஒரு சிறு மேசை வந்தது. உறை பிரிக்காத உணவையும், வாய் திறக்காத பாலையும், வேண்டாதவர்கள் அங்கே வைக்கலாம், வேண்டியவர்கள் எடுக்கலாம். கைக்குக் கை மாறக்கூடாது, அவ்வளவுதான். ஒரு வாரம்வரை அதை யாரும் சீண்டவில்லை. பிறகு ஒரு நாள், இரண்டாம் வகுப்புத் தோழிகள் இருவர் முன்னும் பின்னுமாக அதை நோக்கி நடந்தார்கள். முன்னால் போனவள் சாக்லேட் பாலை மேசைமேல் வைத்தாள். அவள் விரல் விலகும் முன்பே பின்னால் வந்தவள் அதை எடுத்துக்கொண்டாள். பெட்டி மேசையைத் தொட்டதா இல்லையா என்பதைத் தீர்மானிக்க நடுவர்தான் வேண்டும். மேற்பார்வையாளர் என் பக்கம் திரும்பினார். நான், கை தூக்காத ஒரு பையனின் பால் பெட்டியை வாங்கி, மும்முரமாகத் திறக்க ஆரம்பித்தேன்.