கையில் கல் இல்லை

"போலீசுகிட்ட மட்டும் சொல்லிராதிய தம்பி. மொதல்ல என்னையத்தான் தூக்கிட்டுப் போவாவ."

பம்பாய் நடைபாதைகளில் தனியாகத் தூங்குகிறவர்களின் தலையில் கல்லைப் போட்டு யாரோ கொன்றுகொண்டிருந்த காலம் அது. கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்துப் பக்கம் நடைபாதையில் படுக்கும் அந்த அண்ணாச்சி இதைச் சொன்னதும் நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

அவர் பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. நள்ளிரவு தாண்டி ஒருத்தன் வந்தான். நடைபாதையில் படுத்திருந்தவர்களைக் குனிந்து குனிந்து பார்த்தான். இவர்கள் நாலு பேர் நெருங்கிப் படுத்திருந்தார்கள். அவன் சத்தமில்லாமல் போய்விட்டான். அவ்வளவுதான். முகம் தெரியவில்லை.

"கையில கல்லு இருந்துச்சா அண்ணாச்சி?"

"இல்ல."

இரண்டு தடவை கேட்டேன். கல் இருந்திருந்தால் ஸ்டேஷனுக்குப் போயிருப்பேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கற்களில் சில முப்பது கிலோ வரை இருந்தன. அதைச் சுமந்துகொண்டு எவன் தெருத்தெருவாக அலைவான்? தனியாகத் தூங்குகிறவனை முதலில் பார்த்து வைத்துவிட்டு, பிறகுதானே கல்லைத் தேடியிருப்பான்? கல் இல்லாமல் வந்து நின்றதுதான் சங்கதியே. சயான் ஏரியாவுக்கும் கிங்ஸ் சர்க்கிளுக்கும் மாறி மாறி ஓடிச் செய்தி எழுதிக்கொண்டிருந்த எனக்கு அன்று இது உறைக்கவில்லை.

அவர் பயமும் பொய்யில்லை. நடைபாதைக்காரன் பேச்சை அங்கே யார் காதில் வாங்கினார்கள்? ஆறாவது கொலைக்குப் பிறகுதான் எல்லாம் ஒருவன் கைவேலையாக இருக்கலாம் என்றே போலீசுக்குப் பட்டது. தப்பிப் பிழைத்த ஹோட்டல் சர்வராலேயே இருட்டில் ஆளைப் பார்க்க முடியவில்லை. அடிபட்டவர் சொல்லியே துப்புக் கிடைக்காதபோது, அண்ணாச்சி சொல்லி என்ன கிடைத்திருக்கும்? ஒன்றும் கிடைத்திருக்காது என்று நம்பவே விரும்புகிறேன்.

பம்பாயில் 1985-இல் தொடங்கி 1987-இல் நின்றுபோனது. பன்னிரண்டு உயிர். 1989 ஜூனில் கல்கத்தாவில் அதேபோல் ஆரம்பித்து, ஆறு மாதத்தில் பதின்மூன்று பேர். இரண்டு ஊரிலும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் இல்லை. எங்கேயும் யார் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை. இருந்தாலும் கல்கத்தாச் செய்தி ஒவ்வொன்று வரும்போதும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்ற நிம்மதி அந்த ஆறு மாதமும் எனக்கு உதவவில்லை.

பெயர் போடாமலாவது எழுதியிருக்கலாம். 'தனியாகப் படுக்காதீர்கள்' என்று ஒரு வரி எழுதினேன்தான். நடைபாதையில் படுப்பவர்களில் எத்தனை பேர் பேப்பர் படித்தார்கள்?

பத்து நாள் கழித்து அங்கே போனேன். அவர் படுக்கும் இடத்தில் வேறு யாரோ கோணி விரித்திருந்தார்கள். எதிரே டீ விற்றவரிடம் விசாரித்தேன்.

"யாரக் கேக்குறீங்க? பேரச் சொல்லுங்க."

செத்தவர்களில் பலருக்குப் பெயர்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்று போலீசைக் குறைசொல்லி எழுதியவன் நான். அண்ணாச்சியின் பெயரை நான் கேட்டிருக்கவில்லை.