கடிதம் வாங்காத சர்வர்

மொரீஷியஸின் போர்ட் லூயியில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக நிறுவிய மெயில் சர்வர் மூன்று நாளாக ஊருக்கெல்லாம் கடிதம் அனுப்பியது. வெளியிலிருந்து ஒன்றைக்கூட வாங்கவில்லை. நாளை தைப்பூசக் காவடி, நாடு முழுக்க விடுமுறை. கணக்குப் பிரிவு அக்கா வந்து நின்று, "தம்பி, விரதத்தில் இருக்கிறேன், என்னைக் கோபப்பட வைக்காதே" என்றார்.

எங்கள் கடிதங்களை எந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்று வெளியுலகுக்குச் சொல்லும் எம்எக்ஸ் பதிவு சரியாகத்தான் இருந்தது. வெளி இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலைச் சந்தேகித்து அரை நாளைத் தொலைத்தேன். வெளியிலிருந்து, சர்வர்கள் கடிதம் வாங்கும் வாசலான 25ஆம் போர்ட்டைத் தட்டியதும் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று உடனே பதில் வந்ததே, அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஃபயர்வால் தடுத்தால் பெரும்பாலும் பதிலே வராது. காத்துக் காத்து நேரம்தான் போகும். முகத்தில் அடித்தாற்போல் மறுப்பு வந்தால், அநேகமாகக் கதவுக்குப் பின்னால் ஆளே இல்லை.

பார்த்தால், கடிதங்களைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரியில் மட்டும் காது வைத்திருக்கிறது. தன்னோடு தானே பேசிக்கொள்ளும் பிறவி! நிறுவும்போது 'உள்ளூர் மட்டும்' என்று தேர்ந்தெடுத்த புண்ணியவான் நான்தான். அமைப்பில் 'லூப்பேக்-ஒன்லி' (தனக்குள் மட்டும்) என்றிருந்ததை 'ஆல்' (எல்லா முகவரிகளிலும்) என்று மாற்றினேன். இதற்கு, ஓடும்போதே அமைப்பை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோட் போதாது, நிறுத்தித்தான் தொடங்க வேண்டும்.

அனுப்பியவர்களின் சர்வர்கள் வழக்கமாக நாலைந்து நாள் விடாமல் முயலும். தேங்கியவை இப்போது வந்து கொட்டுகின்றன. அக்காவுக்கு வந்த முதல் கடிதம், "மின்னஞ்சல் வருகிறதா அக்கா?" என்று திங்கட்கிழமை நான் அனுப்பியது.