பரங்கி வளர்த்த கணக்கு

என் மனைவி இறந்துபோன பிறகு வந்த முதல் விதைப்புக்காலம். பீரோவில் ஒரு கவர், உள்ளே நாலு விதை. கவர்மேல் அவள் கையெழுத்து: "தாய்: நம்மது, 131 கிலோ. தகப்பன்: அண்ணா வீட்டுது." காய் விட்ட கொடி தாய், மகரந்தம் கொடுத்த கொடி தகப்பன்.

அண்ணா என்றால் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர். ஊர்த் தோட்டப் போட்டியில் ராட்சதப் பரங்கிப் பிரிவில் ஏழு வருஷமாக முதல் பரிசு அவருக்கு, இரண்டாவது இவளுக்கு. நான் அந்தக் கொடிக்கு ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றியதில்லை. இந்த வருஷம் நான் இறங்கியபோது, அவள் நினைவாக என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டி வைத்தேன். உண்மையில் அந்த மனிதரை ஒரு முறையாவது தோற்கடித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சந்தேகம் கிந்தேகம் எதுவும் இல்லை. சாயங்காலம் வேலியோரம் நின்று உரம், பூ, பூஞ்சை என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். வீட்டுக்குள் வந்தால் எனக்கும் அவளுக்கும் பத்து வார்த்தை பேச விஷயம் இருக்காது. அவள் இறந்த அன்று அவர்தான் வாய்விட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அதை நான் மன்னிக்கவே இல்லை.

சரி, விதைக்கு வருகிறேன். இது 'அட்லாண்டிக் ஜெயன்ட்' என்ற ரகம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற விவசாயி உருவாக்கியது. 2023-ல் அமெரிக்காவில் 1,247 கிலோ எடையில் ஒரு காய் உலக சாதனை செய்தது. எங்கள் போட்டியில் 150 கிலோவைத் தாண்டினாலே கூட்டம் கூடிவிடும்.

விதைத்தோல் தடிமனாக இருப்பதால் ஓரத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். வேர் வரும் கூர்முனையைத் தொடக்கூடாது. நான் முதல் விதையில் கூர்முனையைத்தான் தேய்த்தேன். இரண்டாவதை அதிகத் தண்ணீரில் அழுகவிட்டேன். மூன்றாவது முளைத்தது. நாலாவதைக் கவரிலேயே விட்டுவிட்டேன்.

கொடி ஓட ஆரம்பித்ததும் கணுவுக்குக் கணு மண் போட்டு மூடினேன். மூடிய ஒவ்வொரு கணுவும் தனியாக வேர் விடும். காய்க்குப் போகும் தண்ணீரும் சத்தும் கூடும். பக்கக் கொடிகளை நீளவிடாமல் கிள்ளினேன். இந்த வேலை மட்டும் எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்று கேட்டால் தெரியாது.

பெண் பூ மறுநாள் விரியப்போகிறதென்றால் முந்தின சாயங்காலமே இதழ் நுனி மஞ்சளாகும். தேனீ முந்திக்கொள்ளாமல் இருக்க நூலால் கட்டிவைத்தேன். விடிந்ததும் மூன்று ஆண் பூக்களின் இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடி மேல் எல்லாப் பக்கமும் தேய்த்தேன். பிஞ்சு நின்றது. அன்றிலிருந்து நாள் கணக்கு.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வேலியில் அவர். "மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில பெண் பூ விரியுது. எங்கிட்ட ஒரு ஆண் பூகூட இல்ல. ரெண்டு குடுங்களேன்."

மறுநாள் காலையில் என் கொடியில் ஐந்து ஆண் பூ விரிந்திருந்தது. நான் அவரிடம் கொடுத்தது அதையல்ல. முந்தின நாள் பறித்து ஜன்னல் திண்டில் போட்டிருந்த இரண்டை. பரங்கி மகரந்தத்துக்கு ஒரு காலைப்பொழுதுதான் உயிர். பூ வாடும்போது அதுவும் செத்துவிடும். வாடின இதழ் தெரியாமல் இருக்க நானே கிழித்துவிட்டுக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார், ரொம்ப நன்றி என்றார், போய்விட்டார்.

ஒரு வாரத்தில் அவருடைய பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. மாடியிலிருந்து பார்த்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவருக்கு அடுத்த பிஞ்சு நிற்க மேலும் பதினொரு நாள் ஆனது.

என்னுடையது 20-ம் நாள் சுற்றளவு 112 செ.மீ., 30-ம் நாள் 158. நடுவில் நாளுக்கு ஐந்து செ.மீ.கூட ஏறியது. ராத்திரியில் டார்ச்சும் டேப்புமாகப் போய் உட்காருவேன். தோல் வெயிலில் இறுகாமல் இருக்க மேலே துணிப்பந்தல், அடியில் மணல். காய வைத்துவிட்டுத் திடீரென்று நிறையத் தண்ணீர் விட்டால் காய் வெடிக்கும், உள்குழிவரை வெடித்த காயைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். அந்தப் பயத்தில் ஒரு நாள்கூட வெளியூர் போகவில்லை. தானாகப் பேசவும் ஆரம்பித்திருந்தேன். காயிடம்தான், வேறு யார் இருக்கிறார்கள்.

போட்டியன்று என் காய் 104 கிலோ, அவருடையது 97. இரண்டுமே அவள் காயைத் தொடவில்லை. எனக்கு முதல் பரிசு என்றார்கள். வழக்கமாக அவள் நிற்கும் இடத்தில் அவர் நின்றிருந்தார். கை கொடுத்தார். கையை விடாமலே மெதுவாகச் சொன்னார்: "அப்பத்தான் பறிச்ச பூன்னா காம்பு நுனியில ஈரம் கசியும், மாப்பிள்ளை. தங்கச்சி சொல்லிக் குடுத்தது."

வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று காயைப் பிளந்து விதைகளை அலசித் துணியில் பரப்பினேன். புதுக் கவரில் வருஷம், எடை, தாய் எல்லாம் எழுதியாயிற்று. தகப்பன் என்ற இடத்தில் 'அதே கொடி' என்று எழுத வேண்டும். என் ஆண் பூக்களைத்தானே போட்டிருந்தேன். பேனாவை வைத்துவிட்டு வேலிப்பக்கம் பார்த்தேன். அவர் காய்ந்த கொடியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.