ஹுவேயில் ஒரு பீரிஸ் அரிசிமா

19 வருடமாக வெள்ளவத்தையில் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். விடியப்புறம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். அதனால் எந்த ஊருக்குப் போனாலும் ஆவி பறக்கிற இடத்தைத்தான் என் கண் முதலில் தேடும். மகள் வியட்நாமுக்குக் கூட்டிக்கொண்டு போனபோதும் அதுதான் நடந்தது.

டா நாங்கில் இறங்கி ஹுவேக்கு ரயில் எடுத்தோம். தூரம் 100 கிலோமீற்றர் அளவுதான். ஆனால் ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலுக்கு மேலே மெல்ல ஊர்ந்து போகிறது. கடலை ஒட்டின தண்டவாளம் எங்களுக்குப் புதிதல்ல. என்றாலும் அவ்வளவு உயரத்திலிருந்து கடலைப் பார்த்தபோது மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஹுவே 1802 முதல் 1945 வரை ங்குயென் அரசர்களின் தலைநகரம். முன்னால் ஆறு, பின்னால் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் சுற்றளவுள்ள கோட்டை மதில். ஙோ மோன் வாசலில் ஐந்து வழிகள். நடுவழி அரசருக்கு மட்டும். கடைசி அரசர் பாவோ தாய் 1945 ஆகஸ்ட் 30 அன்று முடி துறந்ததும் அந்த வாசலில்தான். உள்ளே போகப் போக அரண்மனையைவிடப் புல்வெளிதான் அதிகம். 1947இல் எரிந்தது போக மிச்சத்தில் பெரும்பகுதி 1968 தெத் புதுவருடச் சண்டையில் போய்விட்டது. கிட்டத்தட்ட ஒரு மாதம் இந்த மதில்களுக்குள்ளேயே சண்டை நடந்திருக்கிறது.

மதிலில் சன்னம் பட்ட துளைகள் இருக்கின்றன. ஒன்றுக்குள் விரலை வைத்துப் பார்த்தேன். முதல் கணு வரை போனது. நான் யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிட்ட வளர்ந்தவள். 1990 முற்றுகைக்குப் பிறகு அந்த மதில் கிடந்த கோலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மகள் கொழும்பில் பிறந்தவள், அவளுக்கு அதைச் சொல்லத் தொடங்கி, அந்த இடத்தில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். 1947இல் அழிந்த கியென் சுங் அரண்மனையைத் திரும்பக் கட்டி 2024இல் திறந்திருக்கிறார்கள். சுவர் முழுக்கப் பீங்கான் துண்டு பதித்து மினுங்குகிறது. புதுசு கண்ணைக் குத்துகிறது என்று சிலர் சொல்லலாம். எனக்குப் பிடித்தது. இடிந்ததைக் கட்டினால் முதலில் புதுசாகத்தானே இருக்கும்.

மறுநாள் பௌர்ணமி. கொழும்பில் போயா லீவு. ஹுவேயில் லீவு இல்லை, ஆனால் நிறையப் பேர் அன்று மரக்கறிதான். தியென் மு விகாரையின் ஏழு மாடிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு மரக்கறிச் சோறு சாப்பிட்டோம். புன் போ ஹுவே என்கிற நூடில்ஸ் சூப் மாட்டிறைச்சி என்பதால் நான் தொடவில்லை, மகள் இன்னொரு நாள் குடித்தாள். அந்தக் கோப்பையிலிருந்து வந்த மணம் சேரையும் கூனி இறாலும். கண்ணை மூடினால் எங்கள் குசினி.

கொம் ஹென் என்று ஒன்று இருக்கிறது, மட்டிச் சோறு. நகத்தளவு ஆற்று மட்டி. சோறு ஆறினதாகத்தான் இருக்கவேண்டுமாம். அதன்மேல் மட்டி, கச்சான், வாழைப்பொத்தி, இலைதழை, ஒரு கரண்டி இறால் விழுது. மட்டி அவித்த சாறு பக்கத்தில் சூடாக. பழஞ்சோற்றை இவ்வளவு மரியாதையோடு பரிமாறி நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் நான் எழுத வந்தது பான் பியோவைப் பற்றி, பீரிஸில் அவிக்கிற அரிசிமாப் பலகாரம். தோங் பா சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை. என் வயது ஒரு அம்மா. அடுப்பில் நீத்துப்பெட்டி அகலத்துக்கு நாலு மடங்கு பெரிய ஆவிப் பானை. அதற்குள் உள்ளங்கை அளவு பீரிஸ்கள், எண்ணெய் தடவி, வெறுமனே. பீரிஸ் நன்றாகச் சுட்ட பிறகுதான் அரிசிமாக் கரைசலை ஊற்றுகிறார். மூன்று நாலு நிமிடத்தில் ஓரம் முதலில் வெந்து எழும்ப, நடுவில் சின்னப் பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில்தான் இடித்த காய்ந்த இறாலும் வெங்காயத்தாள் எண்ணெயும் நிற்கும். பள்ளம் விழாத இரண்டைக் கிண்டி எடுத்துப் பக்கத்தில் போட்டார், வாடிக்கையாளருக்கு வைக்கவில்லை. நானும் பிசகின இடியப்பத்தை அப்படித்தான் ஒதுக்குவேன்.

நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டு ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. நான் என் வலது கையைக் காட்டினேன், பெருவிரலுக்குக் கீழே உரல் பிழிந்து தடித்த இடம். அவர் சிரிக்கவில்லை. தன் கையைத் திருப்பிக் காட்டினார். சூட்டுப் பீரிஸ் எடுத்து எடுத்து விரல்நுனி ரேகை மழுங்கியிருந்தது.

"அம்மா, படம் எடுக்கட்டே?" என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

வரும்போது சந்தையில் 24 பீரிஸ் வாங்கிச் சேலைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒன்றும் உடையவில்லை. இடியப்பத்துக்கு வைத்திருந்த வறுத்த மாவில் முதல் தரம் செய்தேன், களியாகப் போய்விட்டது. பிறகு பச்சையரிசியை ஊறவைத்து அரைத்து, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீரில் கரைத்தேன். மூன்றாம் தரம் ஒன்பது பீரிஸில் பள்ளம் விழுந்தது.

அன்று பின்னேரம் இடியப்பம் எடுக்க வந்த பக்கத்து வீதி ஐயாவுக்கு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே ஆறு சாப்பிட்டார்.

"பிள்ளை, இதுக்குச் சொதி விட்டால் நல்லாயிருக்குமே?"

சட்டியில் சூடாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அரைக்கரண்டி விட்டுக் கொடுத்தேன்.